பார்க்க ஒரு தீவு, இருக்க ஒரு தீவு



கிரேக்க நாட்டில் விடுமுறையைக் கழிக்க ஏற்ற தீவு சாண்டோரினியா, நாக்சோஸா? எதிரணித் தலைவர் சாண்டோரினியை வர்ணிச்ச வர்ணனையில, இங்கே பாதிப் பேர் மனசுக்குள்ள பெட்டி படுக்கையைக் கட்டிட்டாங்க! (சிரிப்பு)

அழகு இல்லைன்னு நான் சொல்ல வரலை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கியது. மிஞ்சிய விளிம்பின்மேல் வெள்ளை வெள்ளையாய் வீடுகள். சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி நகரத்தை 1967 முதல் தோண்டி எடுத்தார்கள். யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது?

ஆனா ஐயா, தலைப்பு "பார்க்க" ஏற்ற தீவு இல்லை; "விடுமுறையைக் கழிக்க" ஏற்ற தீவு. பார்க்கிறது வேற, இருக்கிறது வேற. கல்யாண மண்டபம் அழகாத்தான் இருக்கும். அதுக்காக முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவுல பாய் விரிச்சுப் படுக்க முடியுமா? (கைதட்டல்)

சாண்டோரினியில் குடியிருப்பவர்கள் சுமார் 15,500 பேர். 2023-ல் வந்து போனவர்கள் ஏறத்தாழ 34 லட்சம் பேர்! 2024 கோடையில் சில நாள், சொகுசுக் கப்பல்களிலிருந்து மட்டும் 17,000 பேர் வரை இறங்கினாங்க. ஊர் தாங்காமல், கப்பல் பயணிகள் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல் வேண்டாம்னு 2025-ல் வரம்பு கட்டினாங்க. ஈயா கிராமத்தில் சூரியன் மறையறதைப் பாருங்கன்னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. மறையறது உண்மைதான். ஆனா கடல்ல மறையலை. முன்னால நிக்கிறவர் தலைக்குப் பின்னால மறையுது! (பலத்த சிரிப்பு)

நாக்சோஸுக்கு வாங்க. சைக்கிளேட்ஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரியது. சாண்டோரினியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். 1,000 மீட்டர் உயரத்தில் சாஸ் மலை. மேற்குக் கரையில் பிளாக்கா, நீண்ட மணல் கடற்கரை. குழந்தையை விட்டுட்டு நிம்மதியா உட்காரலாம்.

இதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. நாக்சோஸில் உருளைக்கிழங்கு விளையுது, மாடு மேயுது, கிராவியேரா என்கிற பாலாடைக்கட்டி செய்யறாங்க. பயணி வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஊர் வாழ்ந்துக்கிட்டு இருக்கும். அப்படிப்பட்ட ஊர்லதான் நாம விருந்தாளி. மத்த ஊர்ல நாம வெறும் டிக்கெட்! (கைதட்டல்)

"தீசியஸ் தன் காதலி அரியாத்னேயைக் கைவிட்ட தீவு நாக்சோஸ்"னு எதிரணி கேலி பேசினாங்க. கதையை முழுசாச் சொல்லணும். கைவிடப்பட்ட அந்தப் பெண்ணை அதே தீவில் டயோனைசஸ் என்ற தெய்வமே வந்து மணந்துகொண்டது. மனுஷன் கைவிட்டாலும் நாக்சோஸ் கைவிடலை! (நீண்ட கைதட்டல்)

அங்கே துறைமுகத்தருகே, 2,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல் தனியாக நிற்கிறது. அதன் வழியாகவும் சூரியன் மறையுது, கட்டணம் இல்லை.

ஆண்டுக்கு ஒரு லீவு, சேர்த்து வைத்த காசு. அதை வரிசையில நிக்கவா செலவழிக்கணும்? நாக்சோஸில் தங்குங்க. ஆசை விடலையா, கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். சாண்டோரினியைப் பார்த்துட்டுத் திரும்பி வந்து நிம்மதியாத் தூங்குங்க. பார்க்க ஒரு தீவு, இருக்க ஒரு தீவு. இருக்க ஏற்றது நாக்சோஸே என்று தீர்ப்பளியுங்கள் என நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.