வேலையை விடாமல் படிக்கலாம், பொறுப்புக்கும் வரலாம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நடவு வேலைக்கு இடையிலும் இத்தனை பேர் வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன். உங்க கூட்டமைப்புத் தலைவி என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. "நம்ம பெண்கள் ஊர்ல சுகாதார வேலை, அங்கன்வாடி வேலை, முதியோரைப் பார்த்துக்கற வேலைன்னு எல்லாத்தையும் நல்லா செய்யறாங்க. ஆனா மேற்பார்வையாளர், ஒருங்கிணைப்பாளர்னு ஒரு பொறுப்பு வந்தா மட்டும் வெளியூர்லேர்ந்து ஆள் வருது. ஏன்?" நியாயமான கேள்வி. அதுக்குத்தான் இன்னைக்குப் பதில் சொல்லப் போறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் திட்டம். இதில் வீடு வீடாகப் போனவர்கள் யார்? மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள். 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு விருது வழங்கியது. அந்த விருதில் நம்ம தெருவில் நடந்த செருப்புக்கும் பங்கு உண்டு.

ஆக, வேலை தெரியாதவர்கள் இல்லை நாம். மேலே வருவதற்கு நமக்குக் குறைவது இரண்டு. ஒன்று, படித்த சான்றிதழ். இன்னொன்று, பொறுப்பு வகிக்கும் பயிற்சி.

பொறுப்புன்னா என்ன? மாத்திரை கொடுப்பது ஒரு வேலை. "போன மாசம் மாத்திரை வாங்கினவங்கள்ல இந்த மாசம் யார் வாங்கல, ஏன் வாங்கல" என்று பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. பத்துத் தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, ஒருத்திக்கு உடம்பு முடியலன்னா அவள் தெருவை யார் பார்ப்பது என்று ஏற்பாடு செய்வது, மருத்துவ அலுவலரிடம் தயங்காமல் கணக்கோடு பேசுவது, இதெல்லாம் பொறுப்பில் இருப்பவர் வேலை. பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, தனியாக இருக்கும் பாட்டிக்கு எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவசர ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567 என்று நாலு எண்ணும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். சங்கத்தில் கணக்கு எழுதி, கூட்டம் நடத்தி, வங்கி மேலாளரிடம் பேசிய பெண்ணுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைப் படித்துத்தான் கற்க வேண்டும்.

"வேலை செஞ்சுக்கிட்டே படிக்கிறதா? நடக்கிற காரியமா?" என்று சில பேர் முகத்தில் தெரிகிறது. நடந்திருக்கு, சகோதரிகளே.

நம்ம பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண் பிள்ளை வெளியே போய்ப் படிக்க முடியாத காலத்தில் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டர் ஆனார். பிறகு சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார். 1930-இல் அவ்வை இல்லம், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று நிறுவனங்களை உருவாக்கினார். பிரசவ உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

"அவங்க பெரிய படிப்பு, நாங்க கைநாட்டு" என்று சொல்லாதீங்க. மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்று ஒரு வறண்ட பகுதி. 1970-இல் டாக்டர் ரஜனிகாந்த் அரோலே, டாக்டர் மேபல் அரோலே தம்பதியர் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். ஊர் மக்களே தேர்ந்தெடுத்த கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வாரத்தில் இரண்டு நாள் மையத்துக்கு வந்து கற்பார்கள். மற்ற நாள் ஊருக்குத் திரும்பி, கற்றதைச் செய்வார்கள். அடுத்த வாரம் வந்து, "இது நடந்தது, இது நடக்கல" என்று சொல்லி மேலே கற்பார்கள். பிரசவம் பார்ப்பது, குழந்தைக்கு எடை போடுவது என்று ஆரம்பித்தவர்கள், பிறகு தங்கள் ஊர் மகளிர் மன்றங்களையே நடத்தினார்கள். படிப்பும் வேலையும் ஒன்றை ஒன்று தாங்கி நின்றன. பகுதிநேரப் படிப்பின் பலமே அதுதான்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலில் கல் உடைத்த பெண்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். உங்களில் சிலர் அதைக் கண்ணால் பார்த்திருப்பீங்க.

சரி, நாம எங்கிருந்து தொடங்குவது? படியை வரிசையாக ஏறணும். தாண்டிக் குதிக்கக் கூடாது. இதைக் கவனமாகக் கேளுங்க, இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க.

ஒன்று. எட்டாவதில் நின்றவர்கள், அதற்கும் கீழே நின்றவர்கள், தனித்தேர்வராகத் தேர்வு எழுதலாம். எட்டாவதுக்கும் தனித்தேர்வு உண்டு, பத்தாவதுக்கும் உண்டு. இத்தனை வயதுக்கு மேல் எழுதக் கூடாது என்று தடை இல்லை. பத்தாவதுக்குப் புதிதாக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முதலில் பதிவு செய்யணும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேதி போனால் ஒரு வருடம் போச்சு.

இரண்டு. பத்தாவதுக்குப் பிறகு பன்னிரண்டாவது. அதற்குப் பிறகுதான் பட்டம். "பன்னிரண்டாவது வேண்டாம், நேரா டிகிரி தர்றோம்" என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் தமிழக அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009-இலேயே அரசாணை வந்துவிட்டது.

மூன்று. பன்னிரண்டாவது முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு, 2002-இல் ஏற்பட்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985-இலிருந்து இருக்கு. சமூகப்பணிப் படிப்பு நமக்குப் பொருத்தமானது, ஏன்னா அதில் களப்பணியும் ஒரு பாடம். சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்க. இந்த வருடத்துக்கு யுஜிசி அனுமதி இருக்கா? புத்தகமும் தேர்வும் தமிழில் உண்டா? களப்பணியை நம்ம பகுதியிலேயே செய்யலாமா?

நான்கு. நர்ஸ் ஆகணும்னா தபால் வழியில் முடியாது. ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். மூன்றுமே பள்ளிக்கோ கல்லூரிக்கோ நேரில் போய்ப் படிப்பது. சத்துணவியல், உளவியல் போன்ற சுகாதாரம் சார்ந்த படிப்புகளையும் 2025-ஆம் கல்வியாண்டு முதல் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்துவிட்டது. ஒரு சகோதரி, ஊரும் பேரும் வேண்டாம், தோட்டை அடகு வைத்து ஆறு மாதத்தில் "நர்சிங்" சான்றிதழ் ஒன்று வாங்கினாள். வேலைக்குப் போன இடத்தில், "நர்சிங் கவுன்சில் பதிவு எங்கேம்மா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. தோடும் திரும்பி வரவில்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சி என்று குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கு. அவை நல்லவைதான். ஆனால் உதவியாளர் வேறு, நர்ஸ் வேறு. இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

அடுத்தது நேரம். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 16 கிரெடிட் உள்ள ஒரு சான்றிதழ்ப் படிப்புக்கு 480 மணி நேரம் ஆகும். ஆறு மாதத்தில் முடிக்க நினைத்தால் வாரம் 18 மணி நேரத்துக்கு மேல் வேணும். நமக்கு ஆகாது. ஆனால் அதையே இரண்டு வருடம் வரை நீட்டிப் படிக்க இடமுண்டு. அப்போது வாரத்துக்கு 5 மணி நேரம்கூட ஆகாது. ராத்திரி தொலைக்காட்சித் தொடரில் ஒன்றைக் குறைத்தால் போதும்!

நம்ம டெல்டாப் பெண்கள் பஞ்சாங்கம் பார்ப்பதைவிட மேட்டூர் திறப்பைத்தான் பார்க்கணும். ஜூன் 12-இல் அணை திறந்தால், ஜூன், ஜூலையில் குறுவை நடவு. அப்போது புத்தகம் எடுக்க முடியாது. அங்கே ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு வருது. டிசம்பரில் சம்பா கதிர் வாங்கி நிற்கும், வயல் வேலை குறைவு, அறுப்பு தையில்தான். அதனால் டிசம்பர் தேர்வை வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வேலை இல்லாத நாட்களில் பாடத்தை முன்கூட்டியே படித்து வையுங்கள். நாற்றங்காலுக்கு நாள் குறிப்பது போலப் படிப்புக்கும் நாள் குறிக்கணும்.

இப்போது முக்கியமான விஷயம், பணம். நம்ம சங்கத்தில் மாட்டுக்குக் கடன் கொடுக்கிறோம், காதுகுத்துக்கும் கொடுக்கிறோம். உறுப்பினர் படிப்பதற்குக் கடன் என்று தீர்மான நோட்டில் எத்தனை சங்கம் எழுதியிருக்கு? கை தூக்குங்க பார்ப்போம். பார்த்தீங்களா!

"மாடு பால் கறக்கும், தவணை கட்டலாம். படிப்பு என்ன கறக்கும்?" என்று ஒரு அக்கா கேட்கிறார். சரியான கேள்வி. கணக்காகவே பார்ப்போம். ஒருத்திக்கு 6,000 ரூபாய் கடன் என்று வையுங்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் 500 அசல். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, 12 மாதத்தில் மொத்த வட்டி 390 ரூபாய். அவள் வேலையை விட்டுவிட்டுப் படித்தால் இந்தத் தவணை வராது. பகுதிநேரமாகப் படிப்பதால் கூலி நிற்கவில்லை, தவணையும் நிற்காது. மாடு செத்துப் போகலாம், படித்தது சாகாது.

படித்த எல்லோருக்கும் பதவி கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பதவிகள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் மேற்பார்வையாளர் ஆவதற்குப் பணிக்காலத்தோடு படிப்பையும் பார்க்கிறார்கள். கூட்டமைப்பிலேயே கணக்காளர், சமூக வளப் பயிற்றுநர் பொறுப்புகள் இருக்கு. ஊராட்சியில் கிராம சுகாதாரக் குழு இருக்கு. 2016-இலிருந்து தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமே இருக்கு. இடம் வரும்போது "தகுதியான ஆள் இல்லை" என்ற சொல்லை யாரும் நம்மிடம் சொல்லக் கூடாது. அந்தச் சொல்தான் இத்தனை வருடமாக வெளியூர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது.

வீட்டில் என்ன சொல்வாங்க? "இந்த வயசுல என்ன படிப்பு, பொண்ணு படிக்கட்டும்" என்பாங்க. பொண்ணு கண்டிப்பா படிக்கட்டும். நம்ம மூவலூரிலேயே வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் பெயரில், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் தொடங்கியது. ஆனால் அம்மா படிப்பதால் பொண்ணு படிப்பு கெடாது. அம்மா புத்தகத்தோடு உட்காரும் வீட்டில் பொண்ணும் பக்கத்தில் வந்து உட்காரும். தனியாகப் போய்க் கேட்டு வீட்டில் சண்டை போடாதீங்க. சங்கத் தலைவியும் இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து போய்ப் பேசுங்க. கடன் தவணைக்கு வீடு தேடிப் போகிறோமே, படிப்புக்கும் போகலாம்.

நான் உங்களிடம் கேட்பது மூன்று காரியம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் யார் எந்த வகுப்பில் நின்றார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்க. வெட்கப்படாமல் எழுதுங்க. படிக்க விரும்பும் ஒருவருக்காவது கல்விக் கடன் என்று தீர்மானம் போடுங்க. மூன்றாவது, கூட்டமைப்பு அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஒரு அறையும் ஒரு மின்விசிறியும் ஒதுக்குங்க. தனியாகப் படிக்கிறவள் பாதியில் விட்டுவிடுவாள். நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தி சோர்ந்தாலும் மற்றவள் இழுத்துக்கொண்டு போவாள். நடவு வயலில் வரிசை பிந்தியவளுக்குப் பக்கத்தில் இருப்பவள் இரண்டு குத்து நட்டுக் கொடுப்பது இல்லையா, அது மாதிரிதான்.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். எந்தத் தேர்வு, எந்த விண்ணப்பம் என்று ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சொல்லித்தர நான் இருக்கிறேன்.