வலக்கண், இடக்கண்

(பழைய மாணவர் சந்திப்பில் கண் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"கேஸ் ஷீட் கம்ப்யூட்டருக்குப் போன கதையைச் சொல்லுப்பா" என்பது செயலாளர் உத்தரவு. என் கையெழுத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட வாத்தியார்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நல்ல சேதிதான்.

கண் டாக்டரின் காகிதத்தில் நடுவே ஒரு கோடு இருக்கும். நோயாளி நமக்கு எதிரே உட்காருகிறார். அவருடைய வலக்கண் நம் இடப்பக்கம். காகிதத்திலும் அப்படியே. விழித்திரையை வரைவது இன்னும் வேடிக்கை. தலையில் மாட்டிப் பார்க்கும் கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதனால் காகிதத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்து வரைவோம். ஒட்டியிருக்கும் விழித்திரைக்குச் சிவப்பு, பிரிந்ததற்கு நீலம். மானிட்டரைக் கவிழ்த்து வைக்க முடியுமா, சொல்லுங்க!

2014-ல் நான் வேலை பார்த்த இடத்துக்குப் பொது மருத்துவத்துக்கென்று செய்த சாஃப்ட்வேர் ஒன்று வந்தது. "கண்" என்று ஒரே ஒரு கட்டம். ஒன்றும் தொடாவிட்டால் தானாக "வலம்" என்று விழும். சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவருக்கு லேசர் எழுதினேன், இடக்கண்ணுக்கு. கட்டத்தைத் தொட மறந்துவிட்டேன். மறுநாள் நர்ஸ் வலக்கண்ணில் சொட்டு மருந்து விடப் போனபோது, "ஏம்மா, டாக்டரு இந்தக் கண்ணையில்ல சொன்னாரு?" என்று இடக்கண்ணைக் காட்டியிருக்கிறார். தப்பித்தோம். தப்பு என்னுடையதுதான். ஆனால் காகிதத்தில் அந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டேன்.

புரோகிராம் எழுதும் பையனை ஒரு வாரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் அவனே கேட்டான்: "சார், போன தடவை பிரஷர் எவ்வளவுன்னு ஏன் ஒவ்வொரு தடவையும் தேடுறீங்க?" 21-ஐத் தாண்டினால்தான் அவன் ஸ்கிரீன் எச்சரிக்கும். 12, 15, 19 என்று படிப்படியாக ஏறுவதுதான் எங்களுக்குக் கவலை. அதை அது காட்டவில்லை. இப்போது பழைய அளவுகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டு கண்ணும் காகிதத்தில் இருந்தபடி பக்கம் பக்கமாக வந்துவிட்டன. தானாக எதுவும் விழாது. கண்ணைக் குறிக்காமல் லேசர் எழுத முடியாது. படத்தைத் தலைகீழாக்க ஒரு பட்டன்கூட உண்டு.

ஸ்கிரீனையும் நோயாளி பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் இன்றும் வருகிறார். உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி, முதலில் ஸ்கிரீனைத்தான் பார்க்கிறார்.