கம்பி ஒன்று, கணக்கு இரண்டு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த சான்றோர் இலக்கியம் பேசுவர். நாமோ பள்ளியிறுதி வகுப்போடு பாடநூலை மூடிவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேட்டைத் திறந்தவர். சரக்குச் சீட்டும் கட்டண அட்டவணையுமே நாம் கற்ற நூல்கள். ஆயினும் செயலாளர் அவர்கள், “குடும்பங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள்” என்று பணித்தார்கள். ஆகவே மாதந்தோறும் நம் வீடுகளுக்கு வரும் மின்கட்டணச் சீட்டைப் பற்றிப் பேச முன்வந்தோம். இப்பொருளில் நாம் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதனையும் இச்சபையில் மறைக்காமல் சொல்வோம்.

நம் சொந்த ஊர்களில் மின்சாரம் என்றால் ‘கரண்ட் ஆபீஸ்’ ஒன்றே. மும்பைப் புறநகரில் குடியேறிய நமக்கோ இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன. இந்நிலை ஒரு நாளில் வந்ததன்று. 1915-ஆம் ஆண்டிலேயே டாட்டா நிறுவனம் கோப்போலியில் நீராற்றலால் மின்சாரம் எடுத்துப் பம்பாய் ஆலைகளுக்கு அனுப்பியது. புறநகர் வீடுகளுக்கு விளக்கேற்ற 1929-ஆம் ஆண்டு வேறொரு நிறுவனம் தோன்றியது. அது ரிலையன்ஸ் கைக்கு மாறி, 2018-ஆம் ஆண்டு அதானி கைக்குச் சென்றது. ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மின்சாரம் வழங்கலாம் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வழி வகுத்தது. டாட்டா நிறுவனம் வீடுகளுக்கும் மின்சாரம் விற்கலாம் என்று 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய கம்பியிலேயே இருந்துகொண்டு மின்சாரத்தை மட்டும் மற்றவரிடம் வாங்கும் முறையை 2009-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்படுத்தித் தந்தது. மாட்டுங்காவில் பெஸ்ட் விளக்கின் கீழும், முலுண்டில் மாநில நிறுவனத்தின் விளக்கின் கீழும் வாழும் நம் உறவினர்க்கு இவ்வாய்ப்பு இவ்வாறு எளிதில் கிட்டுவதில்லை.

“கம்பி ஒருவருடையது, மின்சாரம் இன்னொருவருடையது என்றால் எப்படி?” என்று தாய்மார்கள் வினவுவர். நமக்குத் தெரிந்த இரயிலைக் கொண்டே விளக்குவோம். 2006-ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின் தனியார் கன்டெய்னர் வண்டிகள் நாட்டில் ஓடுகின்றன. வண்டி அவர்களுடையது. தண்டவாளமும் எஞ்சினும் இரயில்வேயுடையவை. அதற்காக அவர்கள் இழுவைக் கூலி கொடுக்கின்றனர். மின்சாரமும் அவ்வாறே. யாரிடம் வாங்கினாலும் கம்பிக்குரியவர்க்குக் கம்பிக் கூலி உண்டு. ஆகவே நிறுவனத்தை மாற்றினால் விளக்கு கூடுதலாக ஒளிராது. பழைய கம்பியிலேயே இருப்பவர் வீட்டில் மழைக்காலத்தில் கம்பி அறுந்தால், அதைச் சீர்செய்ய வருபவரும் கம்பிக்குரியவரே. மாறுவது கணக்கு மட்டுமே. அக்கணக்கை வாசிக்கத் தெரியாமல் மாறுவது, நிலையத்தின் பெயரைப் பார்க்காமல் வண்டி ஏறுவதை ஒக்கும்.

இனி அச்சீட்டை வரிவரியாகக் காண்போம். மின்சாரமே எரிக்காவிட்டாலும் செலுத்த வேண்டிய நிலைக்கட்டணம் ஒன்று. எரித்த யூனிட்டுக்குரிய விலை இரண்டு. கம்பிக் கூலி மூன்று. நிலக்கரி முதலியவற்றின் விலை ஏறி இறங்குவதற்கேற்ப வரும் எரிபொருள் கட்டணம் நான்கு. அரசுக்குச் சேரும் மின்வரி ஐந்து. நிறுவனம் மாறியவர்க்குச் சில காலங்களில் ஆறாவதாக ஒரு மேல்வரியும் வந்து சேர்ந்தது. அதற்கும் காரணம் உண்டு. மிகுதியாக எரிப்போர் செலுத்தும் உயர்ந்த விலையைக் கொண்டுதான் குறைவாக எரிக்கும் ஏழைக்குச் சலுகை கிடைக்கிறது. உயர்ந்த விலை தருவோர் அனைவரும் வெளியேறினால் அச்சுமை எஞ்சியோர் தலையில் விழும். அதனை ஈடுசெய்யவே அம்மேல்வரி.

யூனிட் விலையிலும் ஒரு நுட்பம் உண்டு. இரயிலில் தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்குரிய விகிதம் குறையும். மின்சாரத்திலோ அதற்கு நேர்மாறு. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, 101 முதல் 300 வரை அதனினும் மிகுந்த விலை, 301 முதல் 500 வரை இன்னும் மிகுதி, அதற்கு மேல் மிக மிகுதி. 300-ஐத் தாண்டிவிட்டால் எல்லா யூனிட்டுக்கும் உயர்ந்த விலை என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமே உயர்ந்த விலை.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. ‘அ’ நிறுவனத்தில் நிலைக்கட்டணம் 100 ரூபாய். முதற்படி யூனிட் 4 ரூபாய், இரண்டாம் படி 7, மூன்றாம் படி 9. ‘ஆ’ நிறுவனத்தில் நிலைக்கட்டணம் 130 ரூபாய். படிகள் முறையே 3, 7, 11. மற்றவை இரண்டிலும் ஒன்றே என்க.

மாதம் 90 யூனிட் எரிக்கும் சிறு குடும்பத்துக்கு ‘அ’வில் 460 ரூபாய், ‘ஆ’வில் 400. ஆண்டுக்கு 720 ரூபாய் மிச்சம். மாதந்தோறும் 400 யூனிட் எரிக்கும் பெரிய குடும்பத்துக்கு ‘அ’வில் 2,800, ‘ஆ’வில் 2,930. மாறினால் ஆண்டுக்கு 1,560 ரூபாய் நட்டம். மூன்றாம் குடும்பம் கோடையின் மூன்று மாதங்கள் 400 யூனிட்டும், ஏனைய ஒன்பது மாதங்கள் 250 யூனிட்டும் எரிக்கிறது. மே மாதச் சீட்டை மட்டும் பார்த்தால் ‘ஆ’ நட்டமாகத் தோன்றும். ஆனால் 250 யூனிட்டுக்கு ‘அ’வில் 1,550, ‘ஆ’வில் 1,480. ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் ‘ஆ’வில் 240 ரூபாய் மிச்சம். விலைப்பட்டியல் ஒன்றே. குடும்பம் மூன்று, விடையும் மூன்று.

இங்கேதான் நம் பிழையைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இக்காலனியில் நாம் வீடு வீடாகச் சென்று, “இந்த நிறுவனத்துக்கு மாறுங்கள், விலை குறைவு” என்று கூறினோம். முதற்படி விலையை மட்டுமே நாம் பார்த்திருந்தோம். கணக்குத் தெரிந்த இரயில்வேக்காரர் சொல்கிறாரே என்று பலர் மாறினர். சிறு குடும்பங்கள் பயன் பெற்றன. ஆனால் ஒரு வீட்டில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழ்ந்தது. படுக்கையில் கிடந்த முதியவர்க்காகக் குளிர்சாதனம் இரவு பகலாக ஓடியது. அவ்வீட்டுக்கு மாதந்தோறும் நட்டமே. ஓராண்டுக்குப் பின் ஒரு நவராத்திரி மாலையில், அவ்வீட்டு அம்மையார் சுண்டலை நம் கையில் தந்துவிட்டு, “தம்பி, கொஞ்சம் இந்தச் சீட்டுகளைப் பாருங்கள்; எங்களுக்குத்தான் கணக்குப் புரியவில்லையோ?” என்றார்கள். பார்த்தோம். புரியாமல் பேசியவர் நாமே என்று தெரிந்தது. ஒரு சொல் கடிந்து கூறாமல், “முன்பே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்” என்று தம்மையே நொந்துகொண்டார்கள். அச்சுண்டல் நமக்கு இறங்கவில்லை. எந்த நிறுவனமும் நம்மை ஏமாற்றவில்லை. விலைப்பட்டியல் முழுவதும் அச்சில் இருந்தது. நாம்தான் முதல் வரியோடு நின்றுவிட்டோம்.

கடல் கடந்த நாடுகளில் இத்தெரிவு இன்னும் விரிந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் 2002-ஆம் ஆண்டு முதல் பல நிறுவனங்கள் வீடுகளுக்கு மின்சாரம் விற்கின்றன. அங்கே மொத்தச் சந்தை விலையை ஒட்டியே கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்ட சிலர் நெடுநாள் மிச்சம் பிடித்தனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரிப் பனிப்புயலில் அச்சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை ஏறியது. சில நாட்களில் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வந்தது. மும்பையில் விலையை ஆணையம் ஆராய்ந்து ஒப்புவதால் நமக்கு அத்தகைய இடர் இல்லை. ஆயினும் பாடம் ஒன்றே: மலிவான நாளின் விலையைக் கண்டு ஆண்டின் கணக்கை முடிக்கலாகாது.

ஆகவே நம் வேண்டுகோள் இதுவே. பன்னிரண்டு மாதச் சீட்டுகளையும் ஒரு நூலில் கோத்து வையுங்கள். ஆணையம் விலையைத் திருத்தும்போதெல்லாம் புதிய பட்டியலைக் கொண்டு இருவர் கணக்கையும் எல்லா வரிகளோடும் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டார் மாறினார் என்பதற்காக மாறாதீர்கள். நாம் சொன்னோம் என்பதற்காகவும் மாறாதீர்கள். தனியே கணக்கிட இயலாத முதியோர் சீட்டுகளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறு காலைகளில் நாம் அங்கே இருப்போம். கல்லூரியில் பயிலும் இளைஞர்களும் துணைக்கு வர வேண்டுகிறோம். இம்முறை கடைசி வரி வரையில் பார்ப்போம் என்று உறுதி கூறுகிறோம்.

அந்த அம்மையார் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கணக்கை நாம் பின்னர்த் திருத்திக் கொடுத்தோம். ஓராண்டு நட்டத்தைத் திருப்பித் தர முடியவில்லை. அதற்கு ஈடாகவே இவ்வுரை.