டேங்கர் லாரியில் ஒரு சொல்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மாதவரத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வரும் டேங்கர் லாரிகளை எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அவற்றின் பின்புறம் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும்.

எட்டாம் வகுப்பில் எதிர்ச்சொல் நடத்தினேன். கரெக்ட் – இன்கரெக்ட், விசிபிள் – இன்விசிபிள். "சொல்லுக்கு முன்னால் 'இன்' வந்தால் 'இல்லை' என்று பொருள்" என்றேன். ஒரு மாணவன் எழுந்தான்.

"அப்போ லாரியில 'தீப்பிடிக்காது'ன்னுதானே மிஸ் எழுதியிருக்கு?"

பாதி வகுப்பு ஆமாம் என்று தலையாட்டியது. நின்றிருக்கும் லாரிகளைச் சுற்றி விளையாடும் பிள்ளைகள் அவர்கள். எனக்குப் பகீரென்றது. அவன் தவறாகச் சிந்திக்கவில்லை. நான் சொன்ன விதியைத்தான் பொருத்திப் பார்த்தான்.

மறுநாள் இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன்: ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றக்கூடிய. இரண்டும் பெயரடைகள். 'லிக்விட்' போன்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னும் வரும். 'பெட்ரோல் இஸ்' என்பதற்குப் பின்னும் வரும். இலக்கணப் பணியிலும் வேறுபாடில்லை.

அப்படியானால் 'இன்' எதற்கு? 'இன்ஃப்ளேம்' என்றால் தீமூட்டு, அது வினைச்சொல். 'இன்ஃப்ளேமபிள்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலத்தீனிலிருந்து வந்த இந்த 'இன்' மறுக்காது. 'உள்ளே' என்று பொருள்படும். 'அநீதி'யில் அகரம் மறுக்கிறது, 'அவ்வீடு' என்பதில் சுட்டுகிறது அல்லவா? அப்படித்தான் என்றதும் பிள்ளைகளுக்குப் புரிந்தது. உடல் அழற்சியைக் குறிக்கும் 'இன்ஃப்ளமேஷன்' கூட இதே குடும்பம்தான். நம் 'அழற்சி'யிலும் 'அழல்' என்னும் நெருப்பு இருக்கிறதே!

இந்தக் குழப்பம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே, ஆபத்தைத் தவிர்க்க 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என வலியுறுத்தியது. தீப்பற்றாத பொருளுக்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று எழுதுகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னொட்டு நடத்தும்போது விதியோடு விலக்கையும் அன்றே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வரும் வழியில் எழுதியிருக்கும் எச்சரிக்கைச் சொற்களை எழுதிவரச் சொல்லி, வகுப்பில் பொருள் கேளுங்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பட்டியல் இப்போது சுவரில் இருக்கிறது. முதல் சொல்லுக்கு எதிரே அதே மாணவன் எழுதியிருக்கிறான்: 'தீப்பிடிக்கும். கிட்டப் போகாதே.'