கேட்கும் செவி



துன்பம் வந்தால், "எவ்வளவு கூப்பிட்டும் சாமி கேட்கவில்லையே" என்று மனம் உடைகிறோம். இதற்கு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் ஓர் அக்காளின் வாழ்வைக் காட்டுகிறது.

திருவாமூரில் பிறந்த திலகவதியார் தாய் தந்தையை இழந்தவர். மணம் பேசியிருந்தவரும் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் வேறு சமயம் நாடிப் பிரிந்தார். திலகவதியாரோ திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் கூட்டி, மெழுகி, மாலை தொடுத்து, தம்பிக்காக வேண்டி நின்றார்.

பின்னர் தம்பியைச் சூலைநோய் வாட்டியது. எந்த வைத்தியத்துக்கும் தீரவில்லை. இரவோடு இரவாக அக்காளின் காலில் வந்து விழுந்தார். அவர் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தம்பி அங்கே பாடினார், நோய் நீங்கியது. அவரே திருநாவுக்கரசர்.

நேயர்களே, பெற்றோர் திரும்பி வரவில்லை. மணம் பேசியவரும் வரவில்லை. அந்த இழப்பு இழப்புத்தான். ஆனாலும் அந்த அம்மையாரின் வேண்டுதல் வீண்போகவில்லை. காலம் தாழ்ந்ததால் கேட்கவில்லை என்று ஆகிவிடாது.

நோய் தீர்ந்த நாவுக்கரசர் சும்மா இருக்கவில்லை. உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். அந்த வேலையின் அருமை நமக்குத் தெரியாததா?

ஆகவே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொள்ளுங்கள். உடனே மருத்துவமனைக்கும் கொண்டு செல்லுங்கள். அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டால் எழுந்து போய்ப் பாருங்கள். திலகவதியாரின் கையால் தம்பிக்கு வந்த உதவி, உங்கள் கையாலும் ஒருவருக்கு வரலாம்.