கைப்பேசியின் விலையும் பேச்சின் விலையும்

 இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கின்றது. எழுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கைப்பேசி வாங்குவதும், மாதந்தோறும் முந்நூறும் நானூறுமாக அதற்குப் படியளப்பதும் தகுமா என்பதே வினா. இதனைக் கடைத்தெருவில் கேட்டால் விற்பவர் விடை ஒன்றாக இருக்கும். வீட்டில் கேட்டால் பிள்ளைகள் விடை வேறாக இருக்கும். நாம் இதனைச் சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்தில் நின்று கேட்க விரும்புகின்றோம். நம் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. இவ்வினா நமக்கு எழுந்ததும் அங்கேதான்.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை சித்தூரைக் கடந்து மேற்கே பலமனேருக்கு ஏறுமுன் பங்காருபாளையத்தைத் தொட்டுச் செல்கின்றது. மாந்தோப்புகள் சூழ்ந்த ஊர். தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. ஆகவே, இருந்த வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வெளி மாநிலத்தவர் ஆகிவிட்ட தமிழர் அப்பகுதியில் உண்டு. நம்மைப் போல மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் வேறு வகை.

இந்தச் சாலைக்கு இக்காலத்தில் மற்றொரு சிறப்பும் வந்து சேர்ந்திருக்கின்றது. சாலையின் ஒரு முனையில் ஸ்ரீபெரும்புதூர்; மறு முனையை நெருங்கும்போது கோலார் மாவட்டத்து நரசாபுரம். இரண்டு இடங்களிலும் ஐபோன்கள் உருவாகின்றன. அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளதுமான ஸ்ரீசிட்டியில் 2015ஆம் ஆண்டு ஷாவ்மி நிறுவனத்துக்காக ஃபாக்ஸ்கான் கைப்பேசிகளைச் செய்யத் தொடங்கியது. அங்கிருந்து முதலில் வந்த ரெட்மி 2 பிரைம் என்பதன் விலை 6,999 ரூபாய். ஆக, உலகின் விலையுயர்ந்த கருவியும் எளிய கருவியும் நம் மாம்பழ லாரிகள் போகும் வழியிலேயே பிறக்கின்றன. அருகில் பிறப்பதனால் நமக்கு விலை குறைந்துவிடவில்லை என்பது வேறு செய்தி.

பேச்சுக்கு நாம் கொடுத்துவந்த விலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். டிரங்க் கால் என்ற காலம் ஒன்று இருந்தது. அஞ்சலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு மர பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அவசர அழைப்பென்றால் இருமடங்கு. மின்னல் அழைப்பென்றால் பன்மடங்கு. மூன்று நிமிடத்துக்குள் இறப்பையும் பிறப்பையும் சொல்லி முடிக்க வேண்டும். 1960ஆம் ஆண்டு கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. முறை தொடங்கியது, அது மஞ்சள் பலகைக் கடையாக நம் தெருமுனைக்கு வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு தில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் நாட்டின் முதல் செல்பேசி உரையாடலை நடத்தினார். அந்நாளில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். நம்மை ஒருவர் அழைத்தாலும் நாமே காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டில்தான் அது நீங்கியது.

மணி ஒருமுறை ஒலித்து நின்றால் இரயில் ஊர் சேர்ந்தது என்றும், இருமுறை ஒலித்து நின்றால் மணியார்டர் அனுப்பியாயிற்று என்றும் ஒரு காலணாவும் செலவின்றிப் பேசிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! மிஸ்டு கால் என்ற அந்தக் கலையைக் கண்டுபிடித்தவர் எவரோ, அவரைப் போன்ற சிக்கனக்காரர் இனிப் பிறக்கப் போவதில்லை.

பின்பு 2016ஆம் ஆண்டு ஜியோ வந்தது. பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்பதே மெல்ல மறைந்தது. வேற்று மாநிலத்தில் இருந்தால் கொடுக்க வேண்டியிருந்த ரோமிங் கட்டணமும் போயிற்று. 2015 ஜூலை முதல், மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தாலும் நிறுவனத்தை மாற்றினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பேச்சு மலிவானது உண்மை. ஆனால் பேச்சுக்கு முன்னால் ஒரு வாயில் எழுப்பப்பட்டது. அவ்வாயிலில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை காசு கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் நாம் பிறரை அழைக்க முடியாது. சில நாள் கழித்துப் பிறரும் நம்மை அழைக்க முடியாது. 2019, 2021, 2024 என்று மும்முறை அவ்வாயிலின் கட்டணம் உயர்ந்தது.

இனி நம் தமக்கையார் வீட்டுச் செய்தியைச் சொல்லுகின்றோம். கணவரை இழந்தவர், வயது எழுபதைக் கடந்துவிட்டது, ஊரோரத்தில் கிளிமூக்கு மாமரங்கள் உள்ள சிறு தோப்பு ஒன்று அவருக்குண்டு. மக்கள் இருவரும் புனேயில் வேலை பார்க்கின்றனர். மூத்தவன் தாயின் முகம் காண வேண்டும் என்ற ஆவலால் எழுபதாயிரம் ரூபாயில் ஒரு ஸ்மார்ட்போனை இருபத்துநான்கு மாதத் தவணையில் வாங்கி அனுப்பினான். பொத்தான்கள் வைத்த பழைய பேசியிலிருந்து சிம்மை எடுத்துப் புதியதில் போடச் செய்தான். நாள்தோறும் 2 ஜிபி டேட்டா தரும் 349 ரூபாய்த் திட்டத்தையும் அவனே புனேயிலிருந்து கட்டிவந்தான். அவன் அன்பில் குறை காண நமக்கு நெஞ்சம் இல்லை.

தமக்கையார் அக்கருவியைப் பழைய புடவைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தார். கண்ணாடி உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் தோப்புக்கு எடுத்துச் செல்லமாட்டார். தொடுதிரையில் அவருடைய காய்த்த விரல் பலமுறை தடவியும் அழைப்பு எடுபடாது. தினமும் அளிக்கப்பட்ட 2 ஜிபியும் நள்ளிரவில் தீண்டப்படாமலே கரைந்துவந்தது. ஆக்கிய சோற்றை எவரும் உண்ணாமல் ஒவ்வோர் இரவும் கொட்டுவதை ஒப்ப அது நடந்தது.

2025ஆம் ஆண்டு மாம்பழப் பருவத்தில், வேலை நெருக்கடியில் மூத்தவன் ஒருமுறை பணம் கட்ட மறந்துவிட்டான். நிறுவனம் எச்சரிக்கைச் செய்திகளை அனுப்பத்தான் செய்தது. அவை ஆங்கிலத்தில் வந்தன, தமக்கையார் அறிந்ததோ தமிழ் எழுத்து மட்டும். முதலில் அவருடைய அழைப்பு நின்றது. பிறகு அவருக்கு வரும் அழைப்பும் நின்றது. மூன்று நாள் மக்கள் இருவரும் மாறி மாறி முயன்றனர். மும்பையிலிருந்து நாமும் முயன்றோம். பக்கத்து வீட்டாரின் எண் எங்களில் எவரிடமும் இல்லை. பழைய பேசியில் இருந்த எண்கள் அதிலேயே தங்கிவிட்டன. நான்காம் நாள் இளையவன் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் பேருந்தில் ஏறி, அங்கிருந்து மறு பேருந்து பிடித்துப் பொழுது விடியும் வேளையில் பங்காருபாளையத்தில் இறங்கினான். வழியெல்லாம் அவன் நினைத்தவற்றை நாம் இங்கே சொல்ல விரும்பவில்லை.

தமக்கையார் திண்ணையில் அமர்ந்து மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கெல்லாம் வேலை அதிகம் போலிருக்கிறது, ஒழிந்தபோது பேசுவீர்கள் என்று இருந்தேன்" என்றாராம். மூன்று நாளும் இரவில் அந்தக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்ததாகப் பிறகு நம்மிடம் ஒருமுறை கூறினார். நூறு விழுக்காடு மின்னூட்டத்தோடு, எழுபதாயிரம் ரூபாய் மதிப்போடு, ஊமையாய்க் கிடந்தது அது.

அவ்வாண்டு அங்கே கிளிமூக்கு மாம்பழம் விளைந்து குவிந்தது; விலையோ விழுந்தது. மாங்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த எட்டு ரூபாயே கைக்கு வரவில்லை என்று உழவர் குறைபட்டனர். பன்னிரண்டு ரூபாயும் முழுமையாகக் கிடைத்ததாகவே கொள்வோம். அந்தக் கைப்பேசியின் விலைக்கு ஐந்தே முக்கால் டன்னுக்கு மேற்பட்ட மாம்பழம் விற்க வேண்டும். எட்டு ரூபாயே கிடைத்ததென்றால் எட்டே முக்கால் டன். தமக்கையாருக்கு இக்கணக்கை எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அலமாரிக்குப் பூட்டும் போட்டிருப்பார்.

மாதக் கட்டணத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. இருபத்தெட்டு நாள் என்பது மாதம் அன்று. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கட்டுகின்றோம் என்று நினைக்கின்றோம். உண்மையில் பதின்மூன்று முறை கட்டுகின்றோம். 349 ரூபாயைப் பதின்மூன்றால் பெருக்கினால் 4,537 ரூபாய். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், முப்பது நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

அதனினும் பயனுள்ள ஆணை 2024 டிசம்பரில் வந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும், அத்தகைய திட்டத்தின் காலம் 365 நாள் வரை நீளலாம் என்றும் அவ்வாணையம் விதித்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் அறிவித்தன. விலைகள் அடிக்கடி மாறுவன, கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் சொல்ல வருவது விலையைக் காட்டிலும் காலத்தைப் பற்றியது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் மறதிக்கு ஒரே ஒரு நாள்தான் இடமுண்டு. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை என்றால் பதின்மூன்று நாட்கள். ஊரில் தனித்து வாழும் தாய் தந்தையருக்குக் கைப்பேசி வாங்கி அனுப்பும் அன்பர்கள் முதலில் எண்ண வேண்டியது இதுதான். கருவியின் விலை பிறகு வரட்டும்.

விலையுயர்ந்த கருவி எவருக்கும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. படமெடுத்துப் பிழைப்பவருக்கு அது கருவூலம். கூகுளும் சாம்சங்கும் 2023, 2024ஆம் ஆண்டுகளில் தம் உயர்ந்த வகைகள் சிலவற்றுக்கு ஏழாண்டு மென்பொருட் பாதுகாப்பு அளிப்பதாக உறுதி கூறின. ஏழாண்டும் அதனையே வைத்துக்கொள்பவருக்கு எழுபதாயிரம் என்பது ஆண்டுக்குப் பத்தாயிரம். பன்னிரண்டாயிரத்துக் கருவியை மூன்றாண்டு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு நாலாயிரம். இடைப்பட்ட ஆறாயிரம் ரூபாய்க்கு நமக்குக் கிடைப்பது என்ன என்று அவரவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். இரண்டாண்டில் மாற்றிவிடுபவரின் கணக்கை நாம் போடப்போவதில்லை. அவர் மனைவியார் போடட்டும்.

வட்டியில்லாத் தவணை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைப்பதில்லை. நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று சேரும். அதன்மேல் வரி சேரும். வட்டி என்ற பெயர் மட்டுமே அங்கில்லை.

பணம் செலுத்துவதற்காகவாவது ஸ்மார்ட்போன் வேண்டாமா என்று கேட்பீர்கள். சந்தையில் கீரை விற்பவரும் பலகையைக் காட்டும் காலம் இது, கேள்வி நியாயமானது. பொத்தான் பேசியிலும் யு.பி.ஐ. வழியே பணம் அனுப்பும் முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்தது. 2023ஆம் ஆண்டில் 999 ரூபாய் விலையில் வந்த ஜியோபாரத் பேசியிலும் அவ்வசதி உண்டு. பேரப்பிள்ளையின் முகம் காண வேண்டுமென்றால் பத்தாயிரம் ரூபாய்க் கருவியிலும் அம்முகம் தெரியும். நம் வீட்டில் வைத்துப் பார்த்தோம்; குழந்தை அதே குறும்போடுதான் தெரிந்தது.

இளையவன் பங்காருபாளையத்தில் இரண்டு நாள் தங்கினான். கடைத்தெருவில் ரீசார்ஜ் செய்யும் கடையில் தாயையும் அழைத்துச் சென்று, பேச்சு மட்டும் உள்ள ஓராண்டுத் திட்டத்தைக் கட்டினான். சிம் பழைய பொத்தான் பேசிக்குத் திரும்பியது. பக்கத்து வீட்டார் எண்ணும், கடைக்காரர் எண்ணும், பால்காரர் எண்ணும் மக்கள் இருவரிடமும் நம்மிடமும் இப்போது இருக்கின்றன. பெரிய கருவி புனேக்குத் திரும்பிச் சென்றது. மூத்தவன் அதனைத் தானே வைத்துக்கொண்டு எஞ்சிய தவணைகளைக் கட்டிவருகின்றான். தமக்கையார் அடுத்த ஆண்டு கட்ட வேண்டிய தேதியைச் சமையலறைக் கதவின் பின்புறம், பால் கணக்குக்குக் கீழே, கரித்துண்டால் எழுதி வைத்திருக்கின்றார். இரவு எட்டு மணிக்குப் பேசியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வருகின்றார். பெரும்பாலும் முதலில் அழைப்பவர் அவரேதான்.