கழுத்து நிற்கும் பருவம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் வாழும் இந்த அலிபிரியில், மலைப்படியின் அடியில் சிறிது நேரம் நின்றால் போதும். கைக்குழந்தையை ஏந்திப் படியேறும் பெற்றோரைக் காணலாம். திருமலைக்கு இங்கிருந்து ஏறத்தாழ 3,550 படிகள். ஒவ்வொரு படிக்கும் குழந்தையின் தலை ஒரு முறை அசையும். தாயின் கை பிடரியில் இருக்கிறதா என்றே என் கண் முதலில் தேடும்.

பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. அதனைத் தாங்க அச்சிறு கழுத்துக்குச் சில மாதங்கள் வேண்டும். குப்புறக் கிடத்தினால் முதல் மாதத்தில் கணப்பொழுது தலை தூக்கும். மூன்றாம் மாதத்தில் முழங்கை ஊன்றி நிமிரும். நான்காம் மாதத்தில் பெரும்பாலும் தலை நின்றுவிடும். குறைமாதப் பிள்ளைக்கு, பிறக்க வேண்டிய நாளிலிருந்தே கணக்கு.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதை அறியாதவர்களா? ஐந்தாம் மாதத்துக்கு அவர்கள் இட்ட பெயர் செங்கீரைப் பருவம். ஒரு கால் மடக்கி, மறு கால் நீட்டி, இரு கையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடும் கோலம் அது. பெரியாழ்வார் கண்ணனையும், குமரகுருபரர் மீனாட்சியையும் அவ்வாறு ஆட அழைத்தனர். நாமோ நாள் முழுதும் மல்லாத்தியே வைத்திருந்தால், பிள்ளை செங்கீரை ஆடுவது எங்ஙனம்? உறங்கும்போது மல்லாந்து கிடப்பதே பாதுகாப்பு, அதில் ஐயமில்லை. விழித்திருக்கையில், நம் கண்ணெதிரே, பல தடவையாகப் பகுத்து நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் குப்புறக் கிடத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறிற்று. அதற்குத் தரையில் விரித்த பாயே போதும்.

என் பேரனுக்கு ஐந்து மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை. கைகளைப் பிடித்துத் தூக்கினால் தலை பின்னே தொங்கிற்று. "இவன் தாய்மாமனுக்கும் தாமதந்தான்" என்றோம். முதலில் சொன்னவன் நானே. ஒரு மாதம் வீணாயிற்று. மருமகள்தான் என் சொல்லை மீறி மருத்துவரிடம் கொண்டு சென்றாள். அன்றே பயிற்சி தொடங்கிற்று. இத்தகைய பிள்ளைகளைக் கட்டணமின்றிப் பார்ப்பதற்கென்றே, 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அதுவும் அவள் விசாரித்து அறிந்ததே.

சென்ற திங்கள் அவனைத் தோளில் சார்த்தி அதே படியடிக்குச் சென்றேன். பழக்கத்தால் என் கை அவன் பிடரிக்குப் போயிற்று. அவன் அதைத் தட்டிவிட்டு, மலையை நிமிர்ந்து பார்த்தான்.